கண் திறக்க உன் தம்பி கேட்ட விலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, கடை மூவரும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஆபீஸ் நாற்காலியில் தூங்காமல் கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சௌக்கியக் கணக்கில் தம்பியைக் காணோமே என்று இந்நேரம் கவனித்திருப்பாய், என் மகளாயிற்றே. விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் தம்பிக்கு நெஞ்சில் கிருமி புகுந்து நிமோனியா வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருத்தருக்கு மட்டும் வருகிற சங்கதியாக, வாயும் கண்ணும் புண்ணாகி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இப்போது வீட்டில் இருக்கிறான். நெஞ்சு சரி. வாய் சரி, தேவைக்கு மேலேயே சரி. இடது கண் மட்டும் பாக்கி. நாளைக்குப் பரிசோதனை, அதை முடித்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை முடிப்பேன், ஆகவே கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாமல் ஒழுங்காகப் படி. டிக்கெட் எதுவும் போடாதே. உன் வேலையை நிரந்தரம் செய்யப்போகிற மாதம் இது, லீவு போட்டு ஓடி வந்து நீ என்ன செய்யப் போகிறாய், பக்கத்தில் உட்கார்ந்து அழுவாய், அந்த வேலையை உங்கப்பா சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். முதல் வாக்கியத்தில் நீ அழுவாய், நீ அழுவதைக் கேட்டு அவர் அழுவார், இரண்டாம் வாக்கியம் என் வாயிலேயே நின்றுவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, எனக்கு அதுதான் வசதி. நீ கூப்பிடும்போதெல்லாம் தம்பி குளிக்கிறான் என்று அவர் சொன்னது பொய். அவருக்குப் பொய் வராது, கையில் இருந்த ஒரே பொய்யை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டினார். "காலையிலயும் குளிச்சான், மத்தியானமும் குளிக்கிறான், அவன் என்னப்பா மீனா?" என்று நீ கேட்டாயே, அதற்கு அவர் "ஆமாம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, சரியாகச் சமாளித்தேனா என்று என்னிடம் வேறு கேட்டார்.

முதலில் வெறும் இருமலாகத்தான் ஆரம்பித்தது. கண்ணாடி ஓரம் தேய்க்கிற மெஷின் பக்கத்தில் நின்றால் யாருக்குத்தான் இருமாது என்று விட்டுவிட்டேன். நம் தேய்ப்பு மாஸ்டர்கூட "ஆயுசு பூரா இந்தத் தூளைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன், தம்பிக்கு மூக்குல பட்டதுக்கே இருமலா?" என்று கிண்டல் செய்தார். பிறகு காய்ச்சல் வந்தது, மாத்திரை போட்டான், படுத்தான், எழுந்தான். இருமல் ஒரு வாரம் ஆகியும் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்தவனைப் பார்த்தால் உதடு இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி வீங்கித் தோல் உரிந்திருக்கிறது, கண் இரண்டும் சிவந்து பீளை கட்டியிருக்கிறது. கண்ணாடி வியாபாரிக்குப் புத்தி எங்கே போகும்? குளியலறைக் கண்ணாடியைப் புகைமூட்டமாக்க நாம் தடவுகிற அந்த அரிக்கும் பசை இருக்கிறதே, நேராக அந்த டப்பாவைத்தான் போய்ப் பார்த்தேன். மூடி திறந்து கிடந்தது. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது, தீர்ப்பு எழுதியாயிற்று. பிடரியைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போய், எதுக்குடா தொட்ட, தொட்ட கையை எதுக்குடா வாயில வெச்ச என்று கேட்டுக்கேட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அவன் "தொழலம்மா, தொழலம்மா" என்று குழறுகிறான். தொட்டியில் பாதி காலியான பிறகு மாஸ்டர் நிதானமாக வந்து, டப்பாவைத் திறந்து வைத்தது தான்தான் என்றும் குளியலறைக் கதவு ஆர்டர் ஒன்று அவசரம் என்றும் சொல்கிறார். காய்ச்சல்காரனைக் குளிப்பாட்டியதுதான் மிச்சம். ஆக, குளிக்கிறான் என்று உங்கப்பா சொன்னதில் ஒரே ஒரு நாள் உண்மை.

அதற்குள் உன் அத்தை வந்து சேர்ந்தாள். செய்திக்கு முன்னால் வருகிறவள் அவள். அவன் உதட்டைப் பார்த்தாள், கன்னத்தில் கைவைத்தாள், "டேய், யாருடா அந்தப் பொண்ணு?" என்று கேட்டாள். உங்கப்பா இன்னும் ஒரு படி மேலே போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நல்ல குடும்பம்தானே என்று மெல்ல விசாரித்தார். அவன் இரண்டு பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, கண் அவ்வளவு சிவப்பாக இருந்ததால் நிஜமாகவே சாம்பலாகிவிடுவார்களோ என்று நினைத்தேன். தெருமுனை டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார், உள்ளே கன்னம், நாக்கு, அண்ணம் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். போட்ட மாத்திரை ஒத்துக்கொள்ளாமல்கூட இப்படி ஆகலாம், வேறாகவும் இருக்கலாம், எதுவானாலும் இது என் மேஜையில் பார்க்கிற வியாதி இல்லை, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று கையோடு அனுப்பிவிட்டார். தன்னிடம் இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லாத மனிதர், அவருக்கு ஒரு நல்ல முகக்கண்ணாடி அனுப்பிவைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள், தொண்டையில் பஞ்சு விட்டுச் சோதித்தார்கள். மாத்திரை மேல் குற்றமில்லை என்று தெரிந்தது. கிருமிக்குப் பேர் மைக்கோபிளாஸ்மாவாம். கேட்டால் பக்கெட், குடம் செய்கிற கம்பெனி மாதிரி இருக்கிறது. சாதாரணமாக இருமலோடு போய்விடுகிற கிருமிதானாம், சில பேருக்கு நிமோனியா ஆகும், அதிலும் எங்கோ ஒருத்தருக்கு இப்படி வாயும் கண்ணும் சேர்ந்து வேகுமாம், பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்களுக்கு. கிருமி நெஞ்சில் இருக்க வாய்க்கு என்ன வந்தது என்று வார்டு டாக்டரைக் கேட்டேன். கிருமியை அடிக்கக் கிளம்புகிற உடம்பின் காவல்படையே ஆள் தெரியாமல் சொந்த வாயையும் கண்ணையும் போட்டு அடித்துவிடுகிறது என்றார். புரிந்தது. திருடனைப் பிடிக்க வாட்ச்மேன் வைத்தால், அவன் தடியைச் சுழற்றி நம் ஷோகேஸையே உடைக்கிற கதை. அந்த டாக்டர் சின்னப் பையன், ரொம்ப அபூர்வமான கேஸ் என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு. படிக்கிற பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவந்து உன் தம்பி வாயைத் திறந்து காட்டினார். என் கடையில் தள்ளுபடி போட்ட நாளில்கூட அத்தனை பேர் எட்டிப் பார்த்ததில்லை. அபூர்வமான கேஸை இவ்வளவு பேருக்குக் காட்டறீங்களே, பில்லில் பார்த்துச் செய்யக்கூடாதா என்று கேட்டேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உன் தம்பி வாய் எப்படிப்பட்ட வாய் என்று உனக்குத் தெரியும். விலை கேட்க வந்தவரிடம் விலையைத் தவிர மற்ற எல்லாம் பேசுவான். அந்த வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை. மரத்துப்போகிற மருந்தால் கொப்பளித்துவிட்டு, குளிர்ந்த பாலை ஸ்ட்ரா வழியாகத் துளித்துளியாக இழுப்பான், அதற்குள் கண்ணிலிருந்து ஒரு டம்ளர் கண்ணீர் இறங்கிவிடும். பத்தாததற்கு நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பேசுவதற்குப் பதில் எழுதட்டும் என்று நம் கடையிலிருந்து ஓரம் தேய்த்த சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றும், கண்ணாடியில் கோடு போடுகிற மெழுகுப் பென்சிலும் கொடுத்தேன், எழுத எழுதத் துடைத்துக்கொள்ளலாம், காகிதச் செலவு இல்லை. வெளிச்சம் பட்டாலே கண் கூசியதால் அரைக்கண் திறந்து கோழி கிண்டியது போல எழுதுவான். உங்கப்பா கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று, கண்ணாடி வழியாகப் பின்பக்கமாகப் படித்துவிட்டு, பிள்ளைக்கு மூளையும் கலங்கிவிட்டது, வேற்று மொழியில் எழுதுகிறான் என்று நர்ஸிடம் ஓடினார்.

அவர் செய்த இன்னொரு கூத்தையும் கேள். பிள்ளை தன் முகத்தைப் பார்த்தால் பயந்துவிடுவான் என்று சொல்லி, கண்ணாடியையெல்லாம் மூடிவிட்டார். வீட்டுக் கண்ணாடியை மட்டுமில்லை, கீழே கடையில் இருப்பதை எல்லாம். பெட்ஷீட், மேஜை விரிப்பு, பழைய பேப்பர், என் மழைக்கோட்டு, ஒன்று பாக்கியில்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், இவர் கடையை மூடுகிறார். "இங்க கண்ணாடி விக்கறாங்களா இல்ல துணி காயப்போடறாங்களா?" என்று ஒரு அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வந்து பார்த்தேன், திட்டுவதற்கு நேரமில்லை, வந்த ஆளை விடுவதற்கும் மனசில்லை. உள்ளே கூப்பிட்டு, ஒவ்வொன்றாகத் துணியை விலக்கி, இது எல்லாருக்கும் காட்டறதில்லை என்று சொல்லிக் காட்டினேன். இருப்பதிலேயே பெரியதை எடுத்துக்கொண்டு போனார். மூடிய சரக்குக்குத் தனி மவுசு. ஆனால் உன் தம்பி முகத்தைப் பார்க்காமலா போனான்? கண் டாக்டர் குனிந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியிலேயே பார்த்துவிட்டான். உதடு முழுக்கக் கருஞ்சிவப்பாகப் பொருக்கு. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அவன் கண்ணாடித் துண்டை எடுத்து எழுதினான்: அத்தை கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கேன். உன் அத்தை பக்கத்தில்தான் நின்றாள், உதட்டில் பூசியிருந்ததும் அதே கலர்தான். "என் கலர் அவ்வளவு மோசமா அண்ணி?" என்று என்னைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் பொய் சொல்லக்கூடாது என்று நான் பேசாமல் இருந்தேன்.

இனிமேல்தான் கண் விஷயம். அந்தக் கண் டாக்டரம்மா என் தோள் உயரம், குரல் மட்டும் லாரி ஹாரன். இமையை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், இமையின் உள்பக்கமும் புண், முழியின் மேல்பக்கமும் புண், இரண்டு புண்ணும் உரசிக்கொண்டு கிடந்தால் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் இமை ஒழுங்காக மூடாது, முழி ஒழுங்காகத் திரும்பாது, பார்வைக்கே ஆபத்தாகலாம் என்று. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஈரக் காலத்தில் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே காகிதம் வைக்காமல் அடுக்கிவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் கெடும். என் வாழ்க்கையில் எத்தனையோ தகடுகளை அப்படித் தூக்கிப் போட்டிருக்கிறேன். அன்றைக்குச் சுவரில் சாய்ந்துகொண்டேன். இதற்கு வழி என்னவென்றால், மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, வழுவழுப்பான கண்ணாடிக் குச்சி ஒன்றை இமைக்கும் முழிக்கும் நடுவே ஓட்டி, படிகிற சவ்வை வழித்து, ஒட்டாமல் பிரித்துவிட வேண்டுமாம், தினமும். அவருக்கு அன்றே குச்சி டாக்டர் என்று பேர் வைத்துவிட்டோம். உன் தம்பி குச்சியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், ஒருவழியாகத் தலையாட்டினான், மருந்து விட்டார்கள், இமையை விரித்தார்கள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கெடுத்தது நான்.

கண்ணாடி என்று காதில் விழுந்தால் என் கட்டைவிரல் சும்மா இருக்காது. ஓரத்தை விரலால் தடவிப் பார்க்காமல் ஒரு துண்டைக்கூட நான் வாடிக்கையாளர் கையில் கொடுத்ததில்லை. போவது என் பிள்ளை கண்ணுக்குள், முனை எப்படித் தேய்த்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? தட்டிலிருந்து குச்சியை எடுத்தேன், முனையைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், "வேலை சுத்தமா இருக்கு, பிசிறே இல்ல, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன். குச்சி டாக்டர் என் விரலைப் பார்க்கிறார், குச்சியைப் பார்க்கிறார். கிருமி போகக் கொதிக்கவைத்து, உறை பிரித்து, கையுறை போட்டு வைத்திருந்த குச்சியாம். "ஏம்மா, ஆபரேஷன் கத்தியா இருந்தா நாக்குல வெச்சுப் பார்ப்பீங்களா?" என்று ஒரு சத்தம் போட்டார், காரிடாரில் போய்க்கொண்டிருந்த ஸ்ட்ரெச்சரே நின்றுவிட்டது. நான் வெளியே அனுப்பப்பட்டேன். வேறு குச்சி கொண்டுவர ஆள் போனது. அதற்குள் உன் தம்பியின் தைரியம் ஆறிப்போயிற்று. இரண்டு கண்ணையும் இறுக்க மூடி, தலையணையைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டான். குச்சி டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொன்னார், மயக்கம் கொடுத்துச் செய்யலாம், ஆனால் நெஞ்சு இப்படி இருக்கும்போது அதில் சிக்கல் உண்டு, தினமும் மயக்கம் கொடுக்கவும் முடியாது, இன்றைக்குச் செய்தே ஆகவேண்டும். "நீங்கதான கெடுத்தீங்க, நீங்களே சம்மதிக்க வையுங்க. நான் மத்த பேஷன்ட்டைப் பார்த்துட்டு வர்றேன்."

வியாபாரம் என்றால் எனக்குக் கைவந்ததுதானே என்று உள்ளே போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உனக்கு என்னடா வேணும், சொல்லு என்றேன். பதில் இல்லை. அவனுக்குத்தான் பேச வராதே. புது போன் என்றேன். அசைவில்லை. வண்டி என்றேன். அசைவில்லை. வாரத்தில் ஒரு நாள் கடைக்கு வரவேண்டாம் என்றேன், இரண்டு நாள் என்றேன், சம்பளம் போட்டுத் தருகிறேன் என்றேன். தலையணை அப்படியே கிடக்கிறது. பேசாத ஆளிடம் முதலில் விலையைச் சொன்னவன் தோற்றான் என்று உங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்ததே நான்தான். என் விலையை நானே ஏற்றிக்கொண்டு போகிறேன், எதிராளி மூச்சு மட்டும் விடுகிறான். தட்டில் இருந்த பஞ்சைப் பிய்க்கப் போனேன், நர்ஸ் கையைத் தட்டிவிட்டாள். கடைசியில் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு கண்ணாடித் துண்டைத் தேடியது. பார்க்காமலே எழுதினான்: போர்டு.

எந்த போர்டு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் பழைய சுருக்கு வைத்த கவுனைப் போட்டுக்கொண்டு, இரண்டு பல் தெரிய வாயைப் பிளந்து, முழியை உருட்டிக் கண்ணாடியைப் பார்க்கிற குழந்தையாக அவன் இருக்கிற நம் கடை போர்டு, கீழே 'உள்ளது உள்ளபடி தெரியும்' என்று எழுதியது. மீசை முளைத்த பிறகும் தெருவே அவனைப் போர்டு பாப்பா என்று கூப்பிடுகிறது என்று ரொம்ப நாளாகவே மூக்கால் அழுதான். அது என் முதல் போர்டு, பையில் கைக்கண்ணாடி போட்டு வாசல் வாசலாக விற்றுச் சேர்த்த காசில் வைத்த போர்டு, அதை இறக்குவதாவது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றும் சும்மா விடவில்லை, மீசை வரைந்துவிடலாமா என்று கேட்டேன். தலையணை ஆடியது. கவுனைச் சட்டையாக மாற்றலாமா என்றேன். ஆடியது. காரிடாரில் லாரி ஹாரன் திரும்பி வருகிற சத்தம். சரிடா, இறக்கறேன் என்றேன். தலையணை விலகியது. குச்சி உள்ளே போனபோது அவன் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டான், அந்தக் கட்டைவிரலைத்தான், ஒடித்துவிடுவான் போலிருந்தது. நான் கத்தினேன், அவன் கத்தவில்லை. அறையில் நோயாளி யார் என்று குச்சி டாக்டர் கேட்டார்.

மறுநாள் மறுபடி தலையணை. போர்டு நேற்றைய குச்சிக்கு, இன்றைய குச்சிக்கு என்ன என்று எழுதிக் காட்டினான். பார்த்தாயா, தவணை போட்டு வாங்குகிறான், வயிறு எரிந்தாலும் உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். வாடிக்கையாளர் முன்னால் பாப்பா என்று கூப்பிடக்கூடாது என்பது ஒரு நாள். அத்தை வந்தால் பொண்ணு யார் என்று கேட்கக்கூடாது என்பது ஒரு நாள், இதற்கு உன் அத்தை ஒப்புக்கொள்ளத்தான் அதிக நேரம் பிடித்தது. வாய்ப் புண் மெல்ல ஆற ஆரம்பித்தது, பால் போய் ஐஸ்கிரீம் வந்தது, வலது கண்ணும் தெளிந்துகொண்டே வந்தது. இடது கண்ணில்தான் ஒரு நாள் குச்சி டாக்டர் சத்தமே போடாமல் பார்த்தார். அவர் சத்தம் போடாதது எனக்குப் பிடிக்கவில்லை. மூக்குப் பக்கத்து மூலையில் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது, இன்றைக்குக் கொஞ்சம் அழுத்திப் பிரிக்க வேண்டும், வலிக்கும், அசையக்கூடாது என்றார். உன் தம்பி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டான். தலையணை வைத்துக்கொள்ளவில்லை, பேரத்துக்கு மூடியதில்லை அது, நிஜமாகவே பயந்துவிட்டான், உதட்டுப் பொருக்கு துடித்தது. எது கேட்டாலும் சரிடா, விலையே பேசமாட்டேன், கண்ணைத் திற என்றேன். வியாபாரத்தில் சொல்லவே கூடாத வாக்கியம். அவன் கண்ணைத் திறக்காமலே உங்கப்பா நின்ற பக்கம் கையை நீட்டினான். அந்த மனிதர் திருட்டு முழி முழித்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் காட்டினார். ஆஸ்பத்திரி நாற்காலியில் நான் தூங்குகிற படம். தலை பின்னால் சாய்ந்து, வாய் ஆவென்று திறந்து, முடி ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி இன்னொரு பக்கம், தாடையில் ஒரு கோடு வழிந்திருக்கிறது, அது என்ன என்று கேட்காதே. இவர் எடுத்து அவனுக்குக் காட்டியிருக்கிறார், இத்தனை வருஷம் உப்பிட்டவள் நான். உன் தம்பி எழுதினான்: புது போர்டுக்குப் படம் கிடைச்சாச்சு. நர்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் சரி என்றேன். அவன் கண்ணைத் திறந்தான். அசையவே இல்லை, கண்ணு. என் வாயில் முந்தானை இருந்தது.

இதுவரை நேற்று எழுதியது. இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். குச்சி டாக்டர் கண்ணில் மஞ்சள் மருந்து விட்டு மெஷினில் பார்த்தார், மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்று சுழற்றச் சொன்னார். இடது முழி எல்லாப் பக்கமும் போகிறது. மூலையில் நூல் மாதிரி ஒரு தழும்பு மட்டும் நின்றுவிட்டது, அது இருந்துவிட்டுப் போகட்டும், எதையும் இழுக்கவில்லை, பார்வைக்குக் குறைவில்லை என்றார். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, அதை அச்சடித்த கம்பெனி பேரையும் படித்தான், நிறுத்து என்று டாக்டரே சொல்ல வேண்டியிருந்தது. கண்ணீர் இன்னும் சரியாகச் சுரக்காததால் சில மாதங்களுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும், வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், கண் வலித்தாலோ, கூசினாலோ, மறுபடி இருமலோடு உதடு புண்ணானாலோ உடனே ஓடி வர வேண்டும். சொட்டு எட்டு வேளையா, ஆறு போதாதா என்று கேட்டேன். "உங்க கடையில எட்டடி கண்ணாடி கேட்டா ஆறடி வெட்டிக் குடுப்பீங்களா?" என்றார். இந்த அம்மாள் நம் வியாபாரத்துக்கு வந்திருந்தால் நான் கடையைச் சாத்தியிருப்பேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து நானும் உங்கப்பாவும் அழுதோம். உன் தம்பி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரோ தெரியாதவர்கள் மாதிரித் தள்ளி நின்றான்.

உனக்குச் சொல்வது இதுதான். இருமல் ஒரு வாரத்தைத் தாண்டினால் தூசி, குளிர் என்று நீயே தீர்ப்பு எழுதாதே, நான் எழுதிப் பட்டது போதும், டாக்டரிடம் போ. கண்ணைக் கையால் கசக்காதே. வேலை நிரந்தரமான காகிதம் கைக்கு வந்த பிறகு லீவு கேள், அதற்கு முன் வாசலில் வந்து நின்றால் கதவைத் திறக்கமாட்டேன், அப்பாவும் குளித்துக்கொண்டிருப்பார். மறைத்ததற்குக் கோபம் இருந்தால் என்மேல் காட்டு, அவர்மேல் காட்டாதே, பொய் சொன்ன களைப்பே அவருக்கு இன்னும் தீரவில்லை. கண்ணும் வாயும் கைகாலும் குறையில்லாமல், நீ நினைத்த இடத்தில் நினைத்தபடி நன்றாக இரு, அம்மாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, இந்த முறை அவனே எடுப்பான், உன் காதைப் பத்திரப்படுத்திக்கொள்.

போர்டு விஷயத்துக்கு உன்னை மத்தியஸ்தராகப் போட்டிருக்கிறோம், ஆகவே ஒப்புக்கொண்டதைத் தெரிந்துகொள். பழைய போர்டு நாளை இறங்கும். புதியதில் என் படம், அதே படம், வாய் திறந்தபடி, மாற்றம் கிடையாது. படத்தின் அளவு என் இஷ்டம், தபால்தலை அளவு என்று முடிவு செய்திருக்கிறேன். சொட்டு மருந்தை அவனே வேளை தவறாமல் விட்டுக்கொள்ள வேண்டும். பழைய போர்டை உடைக்கக்கூடாது, துடைத்து மாடிப்படிக்கு அடியில் வைக்க வேண்டும். குச்சி டாக்டர் போதும் என்று சொல்வதற்குள் ஒரே ஒரு வேளை சொட்டு தவறினாலும், பாப்பா கவுனோடு மறுபடி மேலே ஏறும்.

இப்படிக்கு, மேற்படி நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்ட
உன் அம்மா